கடன் ஏடும் உறுப்பினர் மானமும்

கூட்டுறவுச் சங்கத்தில் கடன் பெறும் உறுப்பினர், பணத்தை எடுத்துச் செல்லும்பொழுதே தம்மைப் பற்றிய செய்திகள் பலவற்றைச் சங்கத்தின் வசம் ஒப்படைத்துச் செல்கிறார். பெயர், தந்தை பெயர், வீட்டு விலாசம், குடும்ப அட்டை எண், ஆதார் எண், நிலத்தின் சர்வே எண், அடமான நகையின் எடை, ஜாமீன் நின்றவரின் கையொப்பம் ஆகிய யாவும் ஏட்டில் ஏறுகின்றன. தவணை ஒழுங்காகச் செலுத்தப்பட்டு வரும்வரை அந்த ஏட்டை எவரும் புரட்டிப் பார்ப்பதில்லை. மழை பொய்த்தோ, தறி நின்றோ தவணை தவறிவிட்டால் அந்த ஏடு பயணம் புறப்பட்டுவிடுகிறது. சங்கத்திலிருந்து மத்தியக் கூட்டுறவு வங்கிக்கும், அங்கிருந்து சரகத் துணைப்பதிவாளர் அலுவலகத்துக்கும், சில சமயம் தாலுகா அலுவலகத்துக்கும் அது செல்கிறது. அவ்வழியில் அதனை யார் யார் காணலாம், அதில் பிழை நேர்ந்தால் திருத்துவது எவ்வாறு என்பனவற்றை நம் உறுப்பினர்கள் அறிந்திருத்தல் அவசியம் எனக் கருதி இக்கட்டுரையை வரைகிறோம்.

வாங்கிய கடனைத் திருப்பித் தரவேண்டுவதில்லை என்று நாம் சொல்ல வரவில்லை. சங்கத்தின் பணம் உறுப்பினர்களின் பணம். ஒருவர் நிறுத்திவைக்கும் பாக்கி மற்றொருவருக்குக் கிடைக்க வேண்டிய விதைக் கடனையும் நூலையும் தடுக்கிறது. ஆயினும் வசூல் என்பது சரியான கணக்கைக் கொண்டு, சரியான ஆளிடம், முறையான வழியில் நடைபெற வேண்டும். இம்மூன்றில் ஒன்று தவறினாலும் குடும்பம் ஒன்றின் மானம் சந்தியில் நின்றுவிடும்.

ஏடு வந்த வழி

நமது கடன் ஏட்டிற்கு மூதாதையர் இருவர் உண்டு. ஒன்று கூட்டுறவு, மற்றொன்று நிலவரி.

சர் பிரடெரிக் நிக்கல்சன் 1895, 1897 ஆகிய ஆண்டுகளில் சென்னை அரசாங்கத்துக்கு அளித்த அறிக்கைகளில், ஜெர்மனி தேசத்தின் ரெய்பைசன் சங்கங்களை நம் நாட்டிற்கு ஏற்ற மாதிரியாக எடுத்துக்காட்டினார். 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டே திருவள்ளூர்ப் பக்கத்துத் திரூரில் நம் மாகாணத்தின் முதற் கடன் சங்கம் தோன்றியது. ஒரே ஊரார் ஒருவரையொருவர் நன்கறிவர். ஆகவே கடன் கேட்பவரின் நாணயத்திற்கு ஊராரின் அறிவே சாட்சி என்பது அச்சங்கங்களின் அடிப்படை. அன்று அந்த அறிவு ஊர் எல்லையைத் தாண்டிச் செல்லவில்லை.

நிலவரியின் வழி வேறு. 1864ஆம் ஆண்டின் வருவாய் வசூல் சட்டம் கிஸ்தி பாக்கியை வசூலிக்க அசையும் பொருளையும் நிலத்தையும் ஜப்தி செய்து ஏலம் விடும் அதிகாரத்தைத் தந்தது. அச்சட்டம் இன்றும் தமிழ்நாட்டில் நடைமுறையில் உள்ளது. கர்ணம் எழுதிய அடங்கலும் சிட்டாவும் அதற்குக் கண்களாக இருந்தன. பரம்பரைக் கிராம அலுவலர் பதவிகள் 1980 நவம்பரில் ஒழிக்கப்பட்டபின், அப்பணி கிராம நிர்வாக அலுவலரிடம் வந்தது. இப்பொழுது சிட்டா கணினியில் ஏறிவிட்டது. ஊர் அறிந்திருந்த செய்தியும் கர்ணம் எழுதி வைத்த செய்தியும் இன்று ஒரே திரையில் சந்திக்கின்றன. தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்கள் 63,000த்தைக் கணினிமயமாக்கும் திட்டத்திற்கு மத்திய அமைச்சரவை 2022 ஜூனில் ஒப்புதல் தந்தபின், அச்சந்திப்பு இன்னும் விரைவாகி வருகிறது.

பாக்கி வழக்காகும் முறை

தவணை தவறிய மறுநாளே எவரும் வீட்டிற்கு வந்து பொருளை எடுத்துச் சென்றுவிட முடியாது. 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் அதற்கொரு வரிசையை வகுத்துள்ளது. 90ஆம் பிரிவின்படி, சங்கத்துக்கும் உறுப்பினருக்கும் இடையேயான பணத் தகராறு பதிவாளர் முன்னிலையில் வழக்காகச் செல்கிறது. உறுப்பினருக்கு அறிவிப்பு வர வேண்டும், அவர் தம் பக்கத்தைச் சொல்ல இடம் வேண்டும், அதன்பின் தீர்ப்பாணை, அதற்குப் பின்னரே நிறைவேற்று மனுவும் ஜப்தியும். நெசவாளர் சங்கங்களுக்குக் கைத்தறித் துறை இயக்குநரே பதிவாளரின் அதிகாரங்களைச் செலுத்துவதால், அவ்வழக்குகள் அத்துறை அலுவலர்களிடம் செல்லும்.

அறிவிப்பு வந்தவுடன் அஞ்சி ஒளிவதும், வாங்க மறுத்துத் திருப்பி அனுப்புவதும் நம் பக்கத்தில் காணும் பழக்கங்கள். இதைவிடத் தீங்கான செயல் வேறில்லை. ஏட்டிலுள்ள பிழையைச் சுட்டிக்காட்டச் சட்டம் தரும் முதல் வாய்ப்பு அந்த அறிவிப்பேயாகும். அதனைக் கைவிட்டவர் ஒருதலைத் தீர்ப்புக்கு ஆளாகிறார்.

பிழைகள் எங்கே நுழைகின்றன?

முதற் பிழை பெயரில். வேடசந்தூரிலும் நிலக்கோட்டையிலும் ஆத்தூர்ப் பகுதியிலும் ஒரே ஊரில் ஒரே பெயரும் ஒரே தலைப்பெழுத்தும் உடைய நால்வரைக் காண்பது அரிதன்று. பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடுவது நம் வழக்கம். சர்வே எண்ணின் உட்பிரிவு ஒன்று தவறினால் அண்ணன் பாக்கிக்குத் தம்பியின் தோட்டம் குறிக்கப்பட்டுவிடலாம்.

இரண்டாவது பிழை வரவில். உறுப்பினர் செலுத்திய தொகை ரசீதில் இருக்கும், பேரேட்டில் ஏறியிராது, அல்லது சங்கப் பேரேட்டில் ஏறி வங்கிக் கணக்கில் ஏறியிராது. சின்னாளபட்டி போன்ற நெசவு ஊர்களில் இது இன்னொரு வடிவம் கொள்கிறது. சங்கம் தந்த பாவும் ஊடையும் பற்று. நெய்து கொடுத்த சேலை வரவு. சேலை வந்து சேர்ந்த நாளில் வரவு எழுதப்படாவிடின், நூலின் விலை நெசவாளர் தலையில் பாக்கியாக நின்றுவிடும். கூலி, பிடித்தம், நூல் இருப்பு மூன்றையும் மாதந்தோறும் ஒப்பிட்டுப் பார்க்காத நெசவாளர், பிறர் எழுதிய கணக்கிற்குக் கட்டுப்பட்டவராகிறார்.

மூன்றாவது பிழை முடிவில். கடன் தீர்ந்துவிட்டது, ஆனால் ஜப்திக் குறிப்பு வில்லங்கச் சான்றில் அப்படியே இருக்கிறது. பல ஆண்டுகள் கழித்து மகளின் திருமணத்திற்கு நிலத்தை விற்க முற்படும்பொழுதுதான் அது தெரிகிறது. கடனை அடைத்தவர் கடன் தீர்ந்த சான்றைப் பெறுவதோடு நில்லாமல், அடமானமும் ஜப்தியும் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டனவா என்றும் பார்த்தல் வேண்டும்.

ஏடுகளை ஒப்பிடும் காலம்

ஏடுகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவதால் நன்மையும் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. 2021இல் கூட்டுறவு நிறுவனங்களில் 5 சவரன் வரையிலான நகைக் கடன்கள் தள்ளுபடி செய்யப்படும் என்று தமிழக அரசு அறிவித்தது. அப்பொழுது ஆதார் எண்களையும் குடும்ப அட்டை எண்களையும் கொண்டு கணக்குகளை ஒப்பிட்டுப் பார்த்ததில், ஒருவரே பல சங்கங்களில் பல கடன்கள் பெற்றிருந்தமை வெளியாயிற்று. ஏழைக்குச் சேரவேண்டிய சலுகை தகுதியற்றவரிடம் போகாமல் தடுக்க அவ்வொப்பீடு உதவியது. ஆயின் இதே முறையினால் தகுதியுள்ள ஒருவர் பெயர் விடுபட்டிருந்தால், அவர் எங்கே சென்று எவ்வாறு முறையிடுவது என்ற வழியும் உடன் இருத்தல் வேண்டும்.

அவ்வழி இல்லாமற்போனால் என்ன நேரும் என்பதற்கு ஆஸ்திரேலிய தேசம் ஒரு பாடம் தந்துள்ளது. அங்கே அரசின் உதவித்தொகை பெற்றோரிடம் மிகையாகக் கொடுத்த தொகையைத் திரும்ப வசூலிக்க, 2015இல் ஒரு திட்டம் தொடங்கியது. மக்கள் அதனை ‘ரோபோடெட்’ என்று அழைத்தனர். வருமானவரி ஏட்டிலிருந்து ஒருவரின் ஆண்டு வருமானத்தை எடுத்து, இரு வாரங்களுக்கு ஒன்றாகச் சமமாகப் பிரித்து, உதவித்தொகை ஏட்டோடு இயந்திரம் ஒப்பிட்டது. வருமானம் ஏற்ற இறக்கமாக வந்தவர்கள் பலர், பட்டிராத கடனுக்குக் கடன்காரராயினர். கடன் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பும் அவர்கள் மேலேயே விழுந்தது. இம்முறை சட்டத்திற்கு ஒவ்வாதது என 2019இல் அரசே ஒப்புக்கொண்டது. 2023 ஜூலையில் வெளியான ராயல் கமிஷன் அறிக்கை அதனைக் கடுமையாகக் கண்டித்தது.

நம் பக்கத்து விவசாயிக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. ஒட்டன்சத்திரம் சந்தையில் தக்காளி விற்கும் விலை வாரத்துக்கு வாரம் மாறும். மல்லிகை பூக்கும் மாதங்களில் வரும் வரவு மார்கழியில் வராது. ஆண்டு வரவைப் பன்னிரண்டால் வகுத்து, “மாதம் இவ்வளவு சம்பாதிக்கும் நீ ஏன் கட்டவில்லை?” என்று ஓர் இயந்திரம் கேட்குமாயின், அதற்கு மறுமொழி சொல்லக் கணக்கறிந்த மனிதர் ஒருவர் எதிரில் இருக்க வேண்டாமா?

பெயரைப் பலகையில் எழுதலாமா?

வசூலுக்காக உறுப்பினரின் ஏட்டை ஊரறியச் செய்வது தகுமா என்ற கேள்வி பழமையானது. கேரளத்தில் திருவனந்தபுரத்தை அடுத்த செம்பழந்தியில் ஒரு வேளாண் கூட்டுறவுச் சங்கம், பாக்கிதாரர்களின் பெயர்களையும் படங்களையும் பலகையில் எழுதி அலுவலகத்தின் முன் வைத்தது. உதவிப் பதிவாளர் அதை எடுத்துவிடும்படி ஆணையிட, சங்கம் நீதிமன்றம் சென்றது. 2024 டிசம்பரில் கேரள உயர் நீதிமன்றம், இத்தகைய செயல் அரசியல் சாசனத்தின் 21ஆம் விதி காக்கும் மானத்துக்கும் அந்தரங்கத்துக்கும் விரோதம் எனக் கூறிச் சங்கத்தின் மனுவைத் தள்ளியது. நீதிமன்றங்கள் யாவும் எப்பொழுதும் ஒரே கருத்துக் கொண்டிருந்தன என்று சொல்வதற்கில்லை. கடன்தாரர் படத்தைப் பத்திரிகையில் வெளியிட எண்ணிய ஒரு வங்கியைத் தடுக்க, 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் மறுத்தது. ஆயினும் அதன்பின் 2017 ஆகஸ்டு 24 அன்று, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். காற்று எத்திசையில் வீசுகிறது என்பது இதனால் விளங்கும்.

சட்டம் கட்டாயமாகக் கோரும் ஏல அறிவிப்பு வேறு. அவமானப்படுத்தும் நோக்கத்துடன் வைக்கும் பலகை வேறு. முன்னது வாங்குவோருக்குச் செய்தி சொல்லவும், சொத்துக்கு நியாயமான விலை கிடைக்கவும் உதவுவது. பின்னதால் விலையும் உயராது, தொழிலும் நடவாது. ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் வெளியிட்ட சுற்றறிக்கை, கடன்தாரரைப் பலர் முன்னிலையில் இழிவுபடுத்துவதையும், உறவினர், நண்பர் அந்தரங்கத்தில் தலையிடுவதையும், காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் வசூலுக்காக அழைப்பதையும் விலக்குகிறது. மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிகளும் இதற்கு உட்பட்டவை. அதே மாதத்தில் தமிழகத் தலைமைச் செயலாளர், தண்டோரா போடும் வழக்கத்தைக் கைவிடுமாறு ஆட்சியர்களுக்கு எழுதினார் என்பதும் நினைவுகூரத்தக்கது.

உறுப்பினரின் கையிலுள்ள உரிமைகள்

எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் இயற்றப்பட்டது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியமான கடமைகள் வெளியான நாளிலிருந்து 18 மாதங்கள் கழித்தே நடைமுறைக்கு வரும் என அவ்விதிகள் கூறுகின்றன. இச்சட்டம் பாக்கிதாரருக்கு முழுக் கவசம் ஆகாது. நிதி நிறுவனத்திடம் பெற்ற கடனில் தவறியவரின் சொத்து, கடன் விவரங்களை அறிவதற்கு 17ஆம் பிரிவு விலக்குத் தந்துள்ளது. அவ்விலக்கும் பிற சட்டங்களின் வரம்புக்கு உட்பட்டதேயன்றி, ஊரெல்லாம் பரப்பும் உரிமையாகாது.

கூட்டுறவுச் சங்கங்கள் பொதுவாகத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் வரும் பொது அதிகார அமைப்புகள் அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2013 அக்டோபரில் தலப்பலம் சங்க வழக்கில் கூறியது. அதே தீர்ப்பு, பதிவாளர் பொது அதிகாரி என்றும், சங்கத்திடமிருந்து அவர் சட்டப்படி பெறக்கூடிய தகவலை அவரிடம் கேட்கலாம் என்றும் கூறியுள்ளது. அங்கும் பிறருடைய தனிப்பட்ட செய்திகளுக்குக் காப்பு உண்டு.

வங்கிக் கடன் விவரங்கள் சிபில் முதலிய நான்கு கடன் தகவல் நிறுவனங்களுக்குச் செல்கின்றன. ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். பிழையைச் சுட்டிக்காட்டி 30 நாட்களுக்குள் தீராவிடின், அதன்பின் நாளொன்றுக்கு ரூ.100 வீதம் ஈடு உண்டு என்பது ரிசர்வ் வங்கி 2023 அக்டோபரில் வெளியிட்ட ஏற்பாடு.

செய்யத்தக்கவை

உறுப்பினர்கள் ரசீதுகளைக் கடன் தீர்ந்த பின்னரும் பத்திரப்படுத்துக. ஆண்டுக்கொரு முறை சங்கப் பேரேட்டோடு தம் கணக்கை ஒப்பிட்டுக் கையொப்பமிடுக. அறிவிப்பு வந்தால் எழுத்து மூலம் மறுமொழி தந்து அதற்கு ஒப்புகை பெறுக. ஜாமீன் நிற்போர் எத்தொகைக்கு நிற்கிறோம் என்பதை வாசித்தறிந்து கையெழுத்திடுக.

நிர்வாகக் குழுவினருக்கும் ஒன்று சொல்வோம். பாக்கிப் பட்டியலை அறிவிப்புப் பலகையிலோ கைப்பேசிக் குழுவிலோ இடுவதை நிறுத்துக. ஜப்திக்குப் பெயர் அனுப்புமுன் தந்தை பெயரையும் சர்வே உட்பிரிவையும் கடைசி ரசீதையும் இருவர் தனித்தனியே சரிபார்ப்பது நன்று. கடன் தீர்ந்த வாரத்திலேயே அடமான நீக்கத்திற்கு எழுதுக. கணினியின் கடவுச்சொல்லை ஒருவர் மற்றவருக்குச் சொல்லுதல் கூடாது.

திண்டுக்கல் பூட்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றபொழுது நாமெல்லாம் பெருமை கொண்டோம். ஊரார் தம் பொருளை நம் பூட்டை நம்பி வைக்கின்றனர். உறுப்பினர் தம் வாழ்வின் விவரங்களைச் சங்கத்தை நம்பி வைக்கின்றனர். அந்நம்பிக்கை குலைந்த ஊரில் கடன் வாங்க வருவோரும் குறைவர். சேமிப்பு வைக்க வருவோரும் குறைவர். ஆகவே ஏட்டைக் காப்பதும் பாக்கியை வசூலிப்பதும் ஒரே கடமையின் இரு பகுதிகள் என்று கொண்டு, அடுத்த பேரவைக் கூட்டத்தில் இப்பொருளை நிகழ்ச்சி நிரலில் சேர்க்கும்படி நம் சங்கங்களைக் கேட்டுக்கொள்கிறோம்.