போட்டோவை எப்போது வெட்டலாம்?

எடுத்த போட்டோவை கிராப் பண்ணலாமா கூடாதா என்பது போட்டோகிராபர்களிடையே ரொம்ப நாளாக ஓடும் சண்டை. கூடாது என்பவர்கள் முதலில் சொல்லும் பெயர் ஹென்றி கார்ட்டியே ப்ரெஸ்ஸான். ஷட்டரை அமுக்கும்போதே ஃப்ரேம் முடிவாகிவிட வேண்டும், அப்புறம் ஓரத்தை நறுக்கக்கூடாது என்பது அவர் கட்சி. ஆனால் அவருடைய மிகப் பிரபலமான படங்களில் ஒன்றே வெட்டப்பட்டதுதான். 1932-ல், பாரிஸ் சாங் லாசார் ரயில் நிலையத்துக்குப் பின்னால், தேங்கிய தண்ணீரைத் தாண்டிக் குதிக்கிறார் ஒருவர். வேலி இடுக்கு வழியாக எடுத்ததால் இடதுபக்கத்தை வேலி மறைத்துவிட்டது. அந்தப் பகுதியை நீக்கித்தான் பிரிண்ட் போட்டார்கள். வேலி போனதால் அங்கே நடந்தது எதுவும் மாறவில்லை. இது ஒரு வகை வெட்டு.

இன்னொரு வகை, படத்தின் பொருளையே மாற்றுவது. டீ-ஷர்ட்டிலும் போஸ்டரிலும் நாம் பார்க்கும் சே குவேரா முகத்தை 1960 மார்ச் 5 அன்று ஹவானாவில் எடுத்தவர் ஆல்பர்ட்டோ கோர்டா. கப்பல் வெடிப்பில் இறந்தவர்களுக்கான அஞ்சலிக் கூட்டம் அது. முழு நெகட்டிவில் ஒருபுறம் இன்னொருவரின் பக்கவாட்டு முகம், மறுபுறம் மர ஓலைகள். இரண்டையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது முகமும் வானமும்தான். எங்கே, எப்போது என்பது போய்விடுகிறது. அதனால்தான் அது எங்கே வேண்டுமானாலும் ஒட்டக்கூடிய சின்னமாக ஆனது. சின்னம் வேண்டுமென்றால் நல்ல வெட்டு. அன்றைய கூட்டத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் அந்தப் படம் போதாது.

பத்திரிகைப் படங்களில் கிராப் பண்ணுவதைப் பொதுவாக யாரும் தப்பாக நினைப்பதில்லை. 2010 வேர்ல்டு பிரஸ் போட்டோ போட்டியில் பரிசு வாங்கிய ஒரு படத்தைத் தகுதி நீக்கம் செய்தார்கள். காரணம், பின்னணியில் தெரிந்த ஒருவரின் காலை கம்ப்யூட்டரில் அழித்திருந்தார். அதே படத்தில் பெரும்பகுதியை அவர் வெட்டித் தள்ளியிருந்தார், அது பிரச்சினையாகவில்லை. அதாவது, உள்ளே இருப்பதை அழித்தால் குற்றம், ஓரத்தோடு சேர்த்து நறுக்கினால் சரி.

இந்த விதி எவ்வளவு ஓட்டை என்று 2020 ஜனவரியில் தெரிந்தது. டாவோஸில் ஐந்து இளம் பருவநிலைப் போராளிகள் பனிமலை பின்னணியில் நின்றார்கள். கிரெட்டா துன்பர்க் உட்பட நால்வர் வெள்ளையர். இடது ஓரத்தில் நின்றவர் உகாண்டாவின் வனெஸா நகாட்டே. அசோசியேட்டட் பிரஸ் வெளியிட்ட படத்தில் நால்வர் மட்டுமே இருந்தார்கள். அவர் பின்னால் இருந்த கட்டடம் பார்வையைத் திருப்புகிறது, அதனால் வெட்டினோம் என்பது முதலில் வந்த விளக்கம். நகாட்டே அதை ஏற்கவில்லை. தன்னை நீக்கியபோது ஆப்பிரிக்காவையே நீக்கிவிட்டார்கள் என்றார். பிறகு நிறுவனம் மன்னிப்புக் கேட்டது.

வெட்டியவருக்குக் கெட்ட எண்ணம் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் நால்வர்தான் வந்தார்கள் என்றுதான் படம் பார்ப்பவர் நினைப்பார். அவருக்கு எண்ணம் தெரியாது, படம்தான் தெரியும். அழகுக்காகத்தான் வெட்டினேன் என்ற பதில் இங்கே செல்லாது.

அதனால் வெட்டுவதற்கு முன் கேட்டுக்கொள்ள ஒரே கேள்விதான்: வெட்டியதைப் பார்ப்பவர், அங்கே யார் இருந்தார்கள், என்ன நடந்தது என்பதைத் தப்பாகப் புரிந்துகொள்வாரா? குப்பைத்தொட்டி, கோணலான அடிவானம், பாதி தெரியும் தூண் என்றால் தாராளமாக வெட்டுங்கள். ஓரத்தில் நிற்பது மனிதர் என்றால் ஒரு நிமிஷம் நிறுத்துங்கள். குடும்ப குரூப் போட்டோவுக்கும் இது பொருந்தும்.

தொழில்நுட்பக் கணக்கும் ஒன்று இருக்கு. 6000 × 4000 பிக்சல் படத்தில் அகலத்திலும் உயரத்திலும் பாதி எடுத்தால் மிஞ்சுவது 3000 × 2000. 24 மெகாபிக்சல் 6 ஆகிவிடும், பாதி அல்ல, கால்வாசி. அங்குலத்துக்கு 300 புள்ளி என்று அச்சடித்தால் 10 அங்குல அகலம்தான் வரும். வாட்ஸ்அப்புக்குத் தாராளம், சுவரில் பெரிசாக மாட்டப் போதாது.

எதை வெட்டினாலும் ஒரிஜினலை மட்டும் அழிக்காதீங்க. நகாட்டே நிற்கும் முழுப் படத்தைப் பிறகு வெளியிட முடிந்தது, அது கையில் இருந்ததால்தான்.