வெக்கைக் கணக்கு – 9: நெடுந்தீவுக்குப் போன வாக்குறுதி

குறிகட்டுவானில் படகுக்கு நிற்கும்போது நெடுந்தீவுக்கு ஏறுகிற சாமான்களைப் பார்த்துக்கொண்டு நிற்பது என் பழக்கம். அரிசி மூட்டை, சீமெந்து, காஸ் சிலிண்டர், முட்டைத் தட்டு, ஆரோ ஒரு பிள்ளையின் புதுச் சைக்கிள். அங்கே விளையாதது, அங்கே செய்யாதது எல்லாம் ஒரு மணி நேரக் கடலைத் தாண்டித்தான் போகவேணும். இரவில் எரிகிற லைற்றும் அப்படியே. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் நாட்டின் மின்வலையோடு தொடுக்கப்படாமல், பல வருடமாக மின்சார சபையின் டீசல் இயந்திரங்களை நம்பியே வந்தவை. கடலால் வந்த டீசல் ஊருக்குள் கரண்டாக மாறும், புகை மேலே போகும்.

பாரிஸ் ஒப்பந்தத்தைப் பற்றி எழுத வெளிக்கிட்டவன் இங்கே ஏன் வந்து நிற்கிறேன் என்று நீங்கள் கேட்கலாம். கொழும்பு உலகத்துக்குக் கொடுத்த வாக்கு நிலத்தில் எப்படி இறங்குகிறது, எங்கே சிக்குகிறது என்று பார்க்க இந்த மூன்று தீவுகளை விட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

இலங்கை 2016 இல் அந்த ஒப்பந்தத்தில் கைச்சாத்திட்டது. 2021 இல் தன் வாக்குறுதியைத் திருத்தி ஐ.நா.விடம் மறுபடி கொடுத்தது. 2030 இல் மின்சாரத்தில் 70 வீதம் நீர், காற்று, வெயில் போன்றவற்றிலிருந்து வரும். புதிதாக நிலக்கரி மின்நிலையம் கட்டமாட்டோம். 2021 தொடக்கம் 2030 வரை, வழமைப்படி போயிருந்தால் வெளிவந்திருக்கக்கூடிய பச்சைவீட்டு வாயுக்களில் 14.5 வீதத்தைக் குறைப்போம். இவை அதிலுள்ள முக்கியமான வாக்குகள்.

அந்தப் பதினாலரையைப் பிரித்துப் பார்க்கவேணும். நாலு வீதம் நாங்களே செய்வது. மிச்சப் பத்தரை வீதம் ‘நிபந்தனையோடு’. வெளியிலிருந்து காசும் தொழில்நுட்பமும் வந்தால் செய்வோம், வராவிட்டால் எங்களைக் கேட்கக்கூடாது. கலியாணத்துக்குப் பந்தல் நாங்கள் போடுகிறோம், சமையலை ஆராவது பொறுப்பெடுத்தால் சோறும் போடுவோம் என்று அழைப்பிதழில் அடித்த மாதிரி.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்பது என் எண்ணம். இலங்கையில் ஒரு ஆள் வருடத்துக்கு வெளிவிடுகிற காபனீரொட்சைட்டு ஏறக்குறைய ஒரு தொன். அமெரிக்காவில் அதைப்போல் பத்து மடங்குக்கு மேல். புகைத்தவன் செலவைத் தரட்டும் என்று கேட்பது நியாயம். ஆனால் நியாயமான நிபந்தனைக்கும் ஒரு விளைவு உண்டு. வாக்கு எங்களுடையதாக இருக்க, அதை நிறைவேற்றுகிற திறப்பு இன்னொருவர் மடியில் போய்விடும்.

பாரிஸுக்கு முன்னர் கதை வேறு. 2007 இல் ஐ.நா. காலநிலை மாநாட்டுக்காகப் பாலியில் கூடியபோது, வளர்முக நாடுகள் தங்கள் தேசிய நிலைமைக்குப் பொருத்தமான தணிப்பு நடவடிக்கைகளை எடுக்கும் என்று பேச்சானது. ஒரு நாட்டில் சாண எரிவாயு, இன்னொன்றில் பஸ் ஓடுபாதை என்று ஒவ்வொரு திட்டமும் தனித்தனியாக நின்றது. எல்லாவற்றையும் கூட்டி நாட்டுக்கு ஒரு மொத்தம் காட்டவேண்டிய கட்டாயம் இருக்கவில்லை. 2015 இல் பாரிஸ் இந்தத் திட்டங்களின் தலையில் ஒரு மொத்தக் கணக்கை ஏற்றியது. ஒப்பந்தத்தின் நாலாவது உறுப்புரை, வாக்கைக் கொடுத்த நாடு அதை அடைய உள்நாட்டில் நடவடிக்கையும் எடுக்கவேணும் என்கிறது. அன்றிலிருந்து பத்தரமுல்லையில் சுற்றாடல் அமைச்சில் இருக்கிற கணக்குக் கொப்பிக்கும் நெடுந்தீவு இயந்திரக் கொட்டகைக்கும் ஒரு கோடு ஓடுகிறது.

அந்தக் கோட்டை ஒருக்கால் போட்டுப் பார்ப்போம். மூன்று தீவுகளுக்குமாக 2024 இல் ஒப்பந்தமான கலப்பு மின்திட்டத்தில் 1,700 கிலோவாட் சூரியத் தகடு, 530 கிலோவாட் காற்றாலை, 2,400 கிலோவாட் மணி பற்றரி, வெயிலும் காற்றும் கைவிட்டால் ஓட 2,500 கிலோவாட் டீசல் இயந்திரம். ஒரு லீற்றர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய 2.7 கிலோ காபனீரொட்சைட்டு வரும். கிடைப்பது மூன்று, மூன்றரை யூனிட் கரண்ட். ஆக யூனிட்டுக்கு 800 கிராம். எங்கள் வெயிலையும் காற்றையும் வைத்து நான் பென்சிலால் போட்ட கணக்கில், வருடத்துக்கு 35 லட்சம் யூனிட் வரை எடுக்கலாம். அவ்வளவையும் மக்கள் பாவித்து, அவ்வளவும் டீசலுக்குப் பதிலாக வந்தால் 2,800 தொன் மிச்சம். நாட்டின் மொத்தம் வருடத்துக்கு ஏறக்குறைய இரண்டு கோடித் தொன். பத்தாயிரத்தில் ஒன்றரைப் பங்குகூட வராது.

சின்னத் தொகைதான். இந்தச் சின்னத் தொகைக்கு நடந்ததைக் கேளுங்கள்.

எழுவைதீவில் ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு ஒரு சிறு கலப்பு மின்நிலையம் முன்னரே அமைந்திருந்தது. அந்த வழியிலேயே மற்ற மூன்று தீவுகளுக்கும் அதே வங்கியின் காசு ஒழுங்காகி, கேள்விப்பத்திரம் கோரி, 2021 ஜனவரியில் சீனாவின் சினோசோர் – ஈடெக்வின் கூட்டுக்கு வேலையைக் கொடுக்க அமைச்சரவை இணங்கியது. டெல்லிக்கு அது பிடிக்கவில்லை. இராமேஸ்வரத்துக்கு எதிரே சீனக் கம்பனி காற்றாலை நடுவதா? கடன் வேண்டாம், நாங்கள் நன்கொடையாகவே தருகிறோம் என்று சொன்னார்கள். அந்த வருடம் டிசம்பர் தொடக்கத்தில் சீனத் தூதரகம், ‘மூன்றாம் தரப்பின்’ பாதுகாப்புக் கவலையால் வேலை நிறுத்தப்பட்டதாக அறிவித்தது. அதே கம்பனி மாலைதீவில் பன்னிரண்டு தீவுகளுக்குச் சூரிய மின்நிலையம் அமைக்க ஒப்பந்தம் வைத்துவிட்டதையும் கூடவே சொன்னது. பிறகு அதே மாதம் சீனத் தூதுவர் யாழ்ப்பாணம் வந்து, மேற்சட்டை களைந்து வேட்டியோடு நல்லூரில் கும்பிட்டார். அந்தப் படத்தைப் பேப்பரில் பார்த்தது உங்களுக்கும் நினைவிருக்கும்.

2022 மார்ச்சில் இந்திய வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் கொழும்புக்கு வந்தபோது புரிந்துணர்வு உடன்படிக்கை. 2024 மார்ச் 1 இல் பெங்களூரைச் சேர்ந்த யூ-சோலர் கம்பனியோடு ஒப்பந்தம். இந்திய நன்கொடை ஒரு கோடியே பத்து லட்சம் டொலர். அமைச்சரவை முதலில் இணங்கிய நாளிலிருந்து எண்ணினால் முப்பத்தெட்டு மாதம். அவ்வளவு காலமும் டீசல் படகேறிக்கொண்டிருந்தது.

ஆர் நட்டாலும் காற்றாலை சுற்றும். குறைகிற புகை இலங்கையின் கணக்கில்தான் விழும், ஏனென்றால் நாட்டுக் கணக்கு எல்லைக்குள் எரிந்ததைத்தான் எண்ணுகிறது. முப்பத்தெட்டு மாதத்தில் எரிந்த டீசலும் எங்கள் கணக்கில்தான். நிபந்தனையை எழுதியவர்கள் காசு வருமா வராதா என்று யோசித்திருப்பார்கள். இரண்டு பேர் போட்டி போட்டுக்கொண்டு காசை நீட்டினால் வேலை நிற்கும் என்பதை எந்தப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் நிரப்புவது?

படகில் பக்கத்தில் இருந்த வயதான ஒருவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். “தம்பி, கரண்ட் சீனாவில இருந்து வந்தாலென்ன, இந்தியாவில இருந்து வந்தாலென்ன, இரவில ஃபான் சுத்தவேணும்” என்றார். பிறகு கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துவிட்டு, “நாங்கள் ஒண்டுமில்லாமலும் இருந்தனாங்கள்தானே” என்றார்.

இருந்தோம்தான். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் கரண்ட் இல்லாத குடாநாட்டில் நான் படித்தது ஜாம் போத்தல் விளக்கில். போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, ஒரு சின்னத் திரி, அளந்து விட்ட மண்ணெண்ணெய். இரவில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் கையால் பெடலைச் சுற்ற, டைனமோவில் றேடியோ பாடும். செய்தி முக்கியமான இடத்துக்கு வரும்போது சுற்றுகிறவருக்குக் கை உளையும், சத்தம் இறங்கும், வீட்டில் எல்லாரும் அவரைப் பேசுவார்கள். ஆளுக்கு எவ்வளவு புகை என்று அன்று எவராவது எண்ணியிருந்தால் உலகத்துக்கே நாங்கள் முன்மாதிரி!

2022 இல் டொலர் முடிந்து நாடு பெற்றோல் வரிசையில் நின்றபோதும் பழைய சைக்கிள்கள் திரும்பி வந்தன. இங்கேதான் ‘வழமைப்படி போனால்’ என்ற கோட்டின் வில்லங்கம் இருக்கிறது. அந்தக் கோடு நாடு வளரும் என்று நினைத்து மேல்நோக்கிக் கீறப்பட்டது. நாடு விழுந்தாலும் புகை கோட்டுக்குக் கீழே வரும். கொப்பியைப் பார்க்கிறவருக்குக் காற்றாலையால் குறைந்ததும் கியூவில் நின்று குறைந்ததும் ஒரே மாதிரித் தெரியும். அதனால்தான் மொத்தத் தொகையை மட்டும் காட்டி வாக்கைக் காப்பாற்றிவிட்டோம் என்று எவராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். எந்த இயந்திரம் நின்றது, எந்தத் தகடு வந்தது என்று திட்டம் திட்டமாகக் கேட்பேன்.

தகடு வந்தால் மட்டும் போதுமா? 2025 பெப்ரவரி 9 இல் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு ஏறியதென்று சொல்லி நாடு முழுக்க இருண்டது. ஞாயிற்றுக்கிழமை, கரண்ட் பாவனை குறைவு, கூரைச் சூரியன் கூட, வலை தாங்கவில்லை. இரண்டு மாதம் கழித்துச் சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக்கு, கூரையில் தகடு போட்டவர்கள் பகலில் மூன்று மணி வரைக்கும் அதை நிறுத்திவையுங்கள் என்று மின்சார சபை கேட்டது. கடன் எடுத்துத் தகடு போட்ட கோண்டாவில் வீட்டுக்காரர் ஒருவர் சித்திரை வெயிலில் ஏறி நின்று, சுவிச்சை அணைத்ததைச் சொல்லிச் சிரித்தார். பற்றரி இல்லாத வலையில் நடுப்பகல் வெயில் ஒரு தொல்லை. எழுபது வீதம் என்று எழுதும்போது பற்றரியையும் கம்பியையும் சேர்த்து எழுதவேண்டியிருக்கிறது. அந்த வகையில் 2,400 கிலோவாட் மணி பற்றரியோடு வருகிற தீவுத் திட்டம் கொழும்பை விட ஒரு வகுப்பு முன்னுக்கு நிற்கிறது.

சங்குப்பிட்டிப் பாலத்தைத் தாண்டினால் பூநகரி. அங்கேயும் மன்னாரிலுமாக 484 மெகாவாட் காற்றாலைக்கு யூனிட் 8.26 அமெரிக்கச் சதம் என்று விலை பேசிய அதானி கம்பனி, ஆட்சி மாறி விலையை மறுபடி பார்க்க வெளிக்கிட்டதும் 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது. அங்கே நன்கொடை இல்லை, வியாபாரம். அடுத்த கிழமை அந்தக் காற்றடிக்கு.