வெள்ளத்தை அளத்தல்

'வெள்ளம்' என்னும் சொல் ஆற்றுப் பெருக்கையன்றி ஒரு பேரெண்ணையும் குறிக்கும் என்பதைத் தமிழாசிரியர்கள் அறிவர். எண்ணற்கரிய பெருக்கு என்னும் கருத்து அச்சொல்லிலேயே அடங்கியுள்ளது. ஆயினும், வெள்ளத்தை எண்ணால் அளந்தறிய வேண்டிய தேவை நமக்கு உண்டு. 2021 டிசம்பரில் பெய்த பெருமழையில், கிள்ளான் ஆற்றை அடுத்துள்ள ஷா ஆலாம், தாமான் ஸ்ரீ மூடா குடியிருப்பு நீரில் மூழ்கியது, உயிர்களும் மாண்டன. ஆறு விநாடிக்கு எவ்வளவு நீரைக் கொண்டு செல்கிறது என்று தெரிந்தாலன்றோ கரையின் உயரத்தையும் எச்சரிக்கை விடும் வேளையையும் முறையாகக் கணிக்க இயலும்?

நீருக்குள் கருவியை இறக்கி விரைவை அளப்பது பழைய முறை. மரங்கள் அடித்துவரும் பெருவெள்ளத்தில் அது கருவிக்கும் ஆளுக்கும் ஆபத்து. ஆகவே, அளவு மிகுதியும் வேண்டப்படும் வேளையிலேயே அளக்க இயலாமற் போகிறது. இக்குறையைப் போக்க வல்லது படத்தால் அளக்கும் முறை. ஜப்பானிய அறிஞர் இச்சிரோ பூஜித்தாவும் வேறிருவரும் 1998இல் இதனை விளக்கிக் கட்டுரை வெளியிட்டனர். இப்பொழுது டிரோன் எனப்படும் ஆளில்லா வானூர்தியும் இதற்குப் பயன்படுகிறது.

வானூர்தி ஆற்றின்மேல் ஓரிடத்தில் நின்று, விநாடிக்கு 30 படங்கள் என்ற அளவில் எடுப்பதாகக் கொள்வோம். ஒரு படத்தில் நுரையும் சருகும் அமைந்துள்ள கோலத்தை, அடுத்த படத்தில் கணினி தேடிக் காண்கிறது. அக்கோலம் நகர்ந்த தொலைவை இடைப்பட்ட நேரத்தால் வகுத்தால் விரைவு கிடைக்கும். இரு கரைகளிலும் முன்னரே அளந்து வைத்த அடையாளங்கள் படத்திலுள்ள தொலைவை மீட்டராக மாற்ற உதவும். காற்றில் வானூர்தி அசைவதால் நேரும் பிழையை, நகராத கரைப்பொருள்களைக் கொண்டு நீக்குவர்.

இங்கே ஒன்றை மறத்தலாகாது. படம் காட்டுவது மேற்பரப்பின் விரைவையே. அடித்தளத்தின் உராய்வினால் கீழே நீர் மெதுவாகச் செல்லும். எனவே, மேற்பரப்பு விரைவைப் பெரும்பாலும் 0.85 ஆல் பெருக்கிச் சராசரி காண்பர். சான்றாக, 40 மீட்டர் அகலமும் சராசரி 3 மீட்டர் ஆழமும் உள்ள ஆற்றின் குறுக்குப் பரப்பு 120 சதுர மீட்டர். மேற்பரப்பு விரைவு விநாடிக்கு 2 மீட்டரானால், சராசரி 1.7 மீட்டர், நீரோட்டம் விநாடிக்கு 204 கன மீட்டர். இத்திருத்தத்தை விட்டுவிட்டால் 240 என்று தவறான விடை வரும்.

இருளிலும் கடுமழையிலும் படம் தெளிவாக அமையாது. பலத்த காற்று நீரின் மேற்பரப்பைத் தன்போக்கில் தள்ளிப் பொய் காட்டும். இவற்றினும் பெரிய குறை, கலங்கிய நீரின் ஆழத்தைப் படம் காட்டாமை. வண்டல் படிவதாலும் மண் அரிப்பதாலும் ஆற்றின் படுகை மாறிக்கொண்டேயிருக்கும். ஆதலின், அமைதிக் காலத்தில் படுகையை அளந்து வைத்து, வெள்ளம் வடிந்தபின் மீண்டும் அளக்க வேண்டும். ஆற்றுக்குள் இறங்கிச் செய்யும் அப்பணி இல்லையேல், வானத்திலிருந்து பெற்ற படம் விரைவை மட்டும் சொல்லும்; வெள்ளத்தின் அளவைச் சொல்லாது.