கோப்புப் பாதைகளைப் பகுத்தல்: சில குறிப்புகள்

கணினியிலுள்ள கோப்பொன்றைச் செய்நிரல் ஒன்று தேடியெடுக்க வேண்டுமாயின் அக்கோப்பின் பாதை அதற்குத் தெரிந்திருத்தல் வேண்டும். /சங்கம்/சஞ்சிகை/கட்டுரை.உரை என்பது அத்தகையதொரு பாதை எனக் கொள்வோம். இதிற் கடைசிச் சாய்கோட்டுக்கு முன்னுள்ளது அடைவு. பின்னுள்ளது கோப்பின் பெயர். அப்பெயரிலே கடைசிப் புள்ளிக்குப் பின்னுள்ளது நீட்டிப்பு. செய்நிரலாக்கம் பயிலும் மாணவர் தொடக்கத்திலேயே இதனை அறிந்துகொள்கின்றனர். சாய்கோடு கண்டவிடத்து ஒரு முறையும் புள்ளி கண்டவிடத்து ஒரு முறையும் எழுத்துத் தொடரை வெட்டினால் வேலை முடிந்தது என்ற எண்ணமும் அப்பொழுதே ஏற்பட்டுவிடுகின்றது. இவ்வெண்ணம் பெரும்பாலும் பிழைபடுவதில்லை. பிழைபடும் இடங்களே இக்கட்டுரையின் பொருளாகும். அவற்றை ஆராயுமிடத்து, இப்பகுப்பு கோப்பின் இயல்பிலிருந்து தோன்றியதன்று, குறித்த காலத்துப் பொறிகளின் அமைப்பும் வணிகத் தேவைகளும் உருவாக்கிய வழக்கே என்பது புலப்படும்.

அடைவுகளை முதலில் நோக்குவோம். அடைவுக்குள் அடைவு என மரம்போற் கிளைக்கும் கோப்பமைப்பை மல்ரிக்ஸ் முறைமைக்கென டேலி, நொய்மன் ஆகிய இருவரும் 1965ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில் விளக்கினர். மல்ரிக்ஸ் அடைவுகளைப் பிரிப்பதற்கு > என்னுங் குறியைக் கையாண்டது. பெல் ஆய்வுகூடத்திற் கென் தொம்சன், டெனிஸ் றிச்சி முதலியோர் 1969இல் தொடங்கிய யுனிக்ஸ், சாய்கோட்டை ஏற்றது. 1981இல் வெளிவந்த எம்எஸ்-டொஸ் முறைமையின் முதற் பதிப்பில் அடைவுகளே இருக்கவில்லை. கட்டளைகளுக்குரிய தெரிவுகளைக் குறிக்கவே அதிற் சாய்கோடு பயன்பட்டது. 1983இல் இரண்டாம் பதிப்பிலே அடைவுகள் புகுத்தப்பட்டபொழுது சாய்கோட்டுக்கு ஏற்கெனவே வேறு பணி இருந்தமையாற் பின்சாய்கோடு தெரிவுசெய்யப்பட்டது. பயனாளரின் பழக்கத்தைக் குலைக்காதிருக்க மேற்கொள்ளப்பட்ட அம்முடிவின் சுமையை நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்நிரலாளர் சுமந்து வருகின்றனர். விண்டோஸ் முறைமை இரு குறிகளையும் பெரும்பாலும் பிரிகுறிகளாக ஏற்கின்றது. யுனிக்ஸிலோ பின்சாய்கோடு கோப்பின் பெயருக்குள் வரத்தக்க சாதாரண வரியுரு. ஆகவே ஒரே எழுத்துத் தொடர் ஓரிடத்தில் இரு கூறுகளாகவும் பிறிதோரிடத்தில் ஒரே பெயராகவும் அமையக்கூடும். எவ்விடத்துப் பாதை என்பதைப் பாதை தானே சொல்வதில்லை.

நீட்டிப்பின் வரலாறு இதனினும் சுவையானது. அது ஏன் பெரும்பாலும் மூன்றெழுத்தாக உள்ளது? டிஜிற்றல் எக்குயிப்மென்ற் நிறுவனத்தின் பிடிபி-10 கணினியில் ஒரு சொல் 36 பிற்றுகளைக் கொண்டது. ஆறு பிற்றுக்கு ஒரு வரியுரு என வைத்தால் ஒரு சொல்லில் ஆறு வரியுருக்கள் அடங்கும். அரைச் சொல்லில் மூன்று. கோப்பின் பெயருக்கு ஒரு சொல்லும் நீட்டிப்புக்கு அரைச் சொல்லும் ஒதுக்கப்பட்டன. கரி கில்டால் 1974இல் உருவாக்கிய சிபி/எம் முறைமை, மூன்றெழுத்து நீட்டிப்பை வைத்துக்கொண்டு பெயரை எட்டெழுத்தாக்கிற்று. எம்எஸ்-டொஸ் அதனைப் பின்பற்றியது. அதன் அடைவுப் பதிவொன்று 32 பைற்றுகள். அவற்றுள் எட்டு பெயருக்கும் மூன்று நீட்டிப்புக்கும் உரியன. புள்ளி வட்டிலே எழுதப்படுவதேயில்லை. திரையிற் காட்டும்பொழுது மட்டும் இடையிற் சேர்க்கப்பட்டது.

யுனிக்ஸின் நிலை முற்றிலும் வேறு. அதன் தொடக்ககால அடைவுப் பதிவு 16 பைற்றுகளைக் கொண்டது: இரண்டு கோப்பின் எண்ணுக்கு, பதினான்கு பெயருக்கு. நீட்டிப்புக்கெனத் தனியிடம் எதுவும் இல்லை. புள்ளியும் ஏனைய வரியுருக்களைப் போன்றதே. சாய்கோடும் வெற்றுப் பைற்றும் மட்டுமே பெயருக்குள் வரலாகாதவை. எனவே யுனிக்ஸில் நீட்டிப்பு என்பது செய்நிரல்கள் தமக்குள் வைத்துக்கொண்ட உடன்பாடேயன்றி முறைமை அறிந்த ஒன்றன்று. 1984இல் வெளிவந்த மக்கின்ரொஷ் கோப்பின் வகையைப் பெயருக்குப் புறம்பாக நான்கெழுத்துக் குறியீட்டில் வைத்திருந்தமையும் இங்கு நினைக்கத்தக்கது. விண்டோஸ் 95 நீண்ட பெயர்களை அனுமதித்த பின்னர் அங்கும் புள்ளி பெயரின் ஓர் உறுப்பாயிற்று. தனியிடம் மறைந்தது, பழக்கம் நிலைத்தது.

இப்பழக்கத்தை இயற்கை விதியாகக் கொள்ளும் செய்நிரல் எங்கெங்கு இடறுகின்றது? யுனிக்ஸிற் புள்ளியில் தொடங்கும் பெயர்கள் பட்டியலில் மறைக்கப்படும். அத்தகைய பெயரைக் கடைசிப் புள்ளியில் வெட்டினால் பெயர் வெறுமையாகி முழுவதும் நீட்டிப்பாகிவிடும். பைதன் மொழியின் நூலகத்திலேயே இக்குறை இருந்து, 2008இல் வெளிவந்த 2.6ஆம் பதிப்பிலேதான் திருத்தப்பட்டது. பாதையின் ஈற்றிற் சாய்கோடு வந்தால் யுனிக்ஸ் கட்டளை அதனைப் புறக்கணித்து அடைவின் பெயரைத் தரும். பைதனின் பழைய செயலியோ வெறுமையான பெயரைத் தரும். இரண்டும் பிழையல்ல, இரண்டும் வெவ்வேறு வினாக்களுக்கு விடையளிக்கின்றன. வினா எதுவெனத் தீர்மானியாத செய்நிரலாளரே பிழைசெய்தவராகின்றார்.

இவை வெறும் நுணுக்கங்கள் எனக் கருதுவோர் 2000ஆம் ஆண்டு மே மாதத்தை நினைவுகூரலாம். காதற் கடிதம் என்ற பெயரில் மின்னஞ்சலில் வந்த இணைப்பொன்றின் பெயரில் இரு நீட்டிப்புகள் இருந்தன: முதலாவது உரைக்கோப்பைக் குறிப்பது, இரண்டாவது இயங்கத்தக்க கட்டளைக்கோப்பைக் குறிப்பது. தனக்குத் தெரிந்த நீட்டிப்பை மறைத்துக் காட்டுவது விண்டோஸின் இயல்பிருப்பு. ஆகவே மனிதர் கண்டது முதலாவதை. பொறி நம்பியது கடைசியை. உலகெங்கும் பெருந்தொகையான கணினிகள் பாதிக்கப்பட்டன. பயனாளரின் அறியாமை பற்றி அக்காலத்திற் பலவாறு பேசப்பட்டது. ஆனால் தகவலை மறைத்தது பயனாளர் அல்லர்.

அடைவுப் பக்கத்திலும் இத்தகைய இடர் உண்டு. இரட்டைப் புள்ளி மேலடைவைக் குறிக்கும். வெளியார் தரும் பாதையில் அதனை அனுமதித்தால் பொதுவிற் காட்டத்தகாத கோப்புகளை அவர்கள் எட்டிவிடுவர். 2021இல் அப்பாச்சி வலைச்சேவையகத்தின் 2.4.49ஆம் பதிப்பில் இவ்வாறே நிகழ்ந்தது. இரட்டைப் புள்ளியை அது தடுத்தது. புள்ளியைக் குறியீட்டெண்ணாக மாற்றி எழுதியபொழுது தடுக்கத் தவறியது. அவசரமாக வெளியிட்ட திருத்தமும் நிறைவற்றதாகி மீண்டுமொரு திருத்தம் வேண்டியதாயிற்று. பாதையை முற்றாக விரித்துத் தீர்த்த பின்னரே அது அனுமதித்த அடைவுக்குள் உள்ளதா எனச் சோதித்தல் வேண்டும். முன்னர்ச் செய்யும் சோதனையாற் பயனில்லை.

பைதனில் 2014 முதலும் சி++ மொழியில் 2017இன் தரம் முதலும் பாதையைத் தனியொரு பொருளாகக் கையாளும் நூலகங்கள் உள்ளன. கையால் வெட்டுவதை விட்டு அவற்றைப் பயன்படுத்துதலே தக்கது. எனினும் இரு நீட்டிப்புகள் கொண்ட பொதிக்கோப்பில் எதனை நீட்டிப்பெனக் கொள்வது என்பதை நூலகம் தீர்மானிக்க மாட்டாது.

தமிழிற் பெயரிடுவோருக்குரிய இடரொன்று எஞ்சியுள்ளது. எழுத்தொன்றுக்குப் பைற்றொன்று என்ற ஆங்கிலம் சார்ந்த எடுகோளின் மீதே இவ்வளவும் கட்டப்பட்டது. லினக்ஸின் வழமையான கோப்பமைப்பிற் பெயரின் எல்லை 255 பைற்றுகள். யூரிஎப்-8 குறியேற்றத்தில் தமிழ்க் குறியொவ்வொன்றும் மூன்று பைற்றுகளைக் கொள்வதால் நமக்குக் கிடைப்பன 85 குறிகளே; உயிர்மெய்களும் புள்ளியிட்ட மெய்களும் பெரும்பாலும் இரு குறிகளாதலின் எழுத்துகள் இன்னும் குறையும். மேலும், ‘கொ’ என்பதை ககரத்துடன் ஒகரக் குறியொன்றைச் சேர்த்தும் எழுதலாம். ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்த்தும் எழுதலாம். யுனிகோட் இவ்விரண்டையும் சமமெனக் கூறும். பைற்றுகளையே ஒப்பிடும் லினக்ஸுக்கோ அவை வெவ்வேறு பெயர்கள். ஆகவே ஒரே அடைவில் ‘கொடி’ என்ற பெயரில், கண்ணுக்கு வேறுபாடின்றி, இரு கோப்புகள் இருத்தல் கூடும். ஒன்றைத் தேடும் செய்நிரல் மற்றதைக் காணாது. ஒப்பிடும்பொழுது இரு பெயர்களையும் ஒரே வடிவுக்கு மாற்றிக்கொள்ளுதல் இதற்குப் பரிகாரம். ஆயின் கோப்பைத் திறக்கும்பொழுது வட்டிலுள்ள மூலப் பெயரையே, ஒரு பைற்றும் மாறாது, கொடுத்தல் வேண்டும்.