கம்ப்யூட்டர் திரையில் நோயாளியின் ஜாதகம்

போர்ட் பிளேர் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) ஜி.பி.பந்த் ஆஸ்பத்திரிக்கு ஹட்பேயிலிருந்தும் கார் நிக்கோபாரிலிருந்தும் நோயாளிகள் கப்பலேறி வருகிறார்கள். வழியில் மருந்துச் சீட்டு நனைந்துவிட்டால் பழைய வைத்தியம் என்னவென்று டாக்டருக்குத் தெரியாது.

இக்குறையைப் போக்க வந்ததே தேசிய டிஜிட்டல் சுகாதாரத் திட்டம். 2020 ஆகஸ்டு 15-ல் அந்தமான் உள்ளிட்ட 6 யூனியன் பிரதேசங்களில் இது முதலில் தொடங்கப்பட்டது. அதற்கு 5 நாள் முன்புதான் சென்னை-அந்தமான் கடலடி கேபிள் திறக்கப்பட்டது. நீளம் சுமார் 2,300 கி.மீ.

திரையில் என்ன?

திட்டத்தில் சேருவோருக்கு 14 இலக்க 'ஆபா' எண் கிடைக்கும். பொதுவாக இத்தகைய கம்ப்யூட்டர் பதிவுகளில் முதலில் வருவது சுருக்கத் திரை. மேலே பெயர், வயது, பதிவு எண், ஒவ்வாத மருந்துகள். கீழே நோய்கள், சாப்பிடும் மாத்திரைகள், ரத்த அழுத்தம், பரிசோதனை முடிவுகள். வேண்டியதை அழுத்தினால் விவரம் விரியும்.

கவனம் தேவை

பதியாத விஷயம் திரையில் வராது. பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது என்பதை யாரும் பதியாவிட்டால் அந்த இடம் காலியாகவே இருக்கும். காலியிடம் 'ஆபத்தில்லை' என்பதற்கு அத்தாட்சி அல்ல. இன்னொரு சிக்கல் நம்மவர் பெயர். இனிஷியல் ஒரு சீட்டில் முன்னே, மறு சீட்டில் பின்னே இருந்தால் ஒரே ஆளுக்கு இரண்டு பதிவுகள் உண்டாகலாம். வேறொரு முருகனின் பதிவும் திறந்துவிடலாம்.

எனவே பெயரையும் பிறந்த தேதியையும் சரிபார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வாத மருந்தை வாய்விட்டுக் கூறுங்கள். ஆபா எண் கட்டாயமல்ல. அதன்வழி பதிவுகளைப் பிற ஆஸ்பத்திரிக்குக் காட்ட உங்கள் சம்மதம் வேண்டும். பழைய சீட்டுகளையும் பத்திரமாக வைத்திருங்கள்.