ஆலங்கட்டி மழை: ஓய்ந்த பிறகுதான் வேலை இருக்கிறது

 

கோடை தொடங்கிவிட்டால் வாணியம்பாடி, ஆம்பூர், திருப்பத்தூர் பகுதிகளில் உள்ள நாம் எல்லோரும் ஒரு மழைக்காக ஏங்குகிறோம். அந்த மழை சில நாட்களில் ஆலங்கட்டியோடு வந்துவிடுகிறது. பிள்ளைகள் கட்டிகளைப் பொறுக்க ஓடுகிறார்கள். பெரியவர்கள் கூரையை அண்ணாந்து பார்க்கிறார்கள். பெரும்பாலும் பத்து, பதினைந்து நிமிடத்தில் எல்லாம் ஓய்ந்துவிடும். வானத்திலிருந்து விழுவதைத் தடுக்க நம்மால் ஆகாது. ஆனால் உடைந்த ஷீட்டின் மேல் ஏறி விழுவதையும், ஆதாரம் இல்லாமல் நிவாரணத்தை இழப்பதையும், சின்ன விரிசல் ஐப்பசி மழையில் பெரிய ஒழுகலாவதையும் நம்மால் தடுக்க முடியும். இந்தக் கட்டுரை அதைப் பற்றியதுதான்.

நம் பகுதியில் ஏன் பெய்கிறது?

சித்திரை, வைகாசி வெயிலில் தரை கடுமையாகச் சூடேறுகிறது. பிற்பகலில் வங்கக் கடலின் ஈரக்காற்று உள்ளே வருகிறது. ஒருபுறம் ஜவ்வாது மலையும் இன்னொருபுறம் ஏலகிரியும் அந்தக் காற்றை மேலே தள்ளிவிடுகின்றன. இப்படி எழும் இடிமேகம் பத்து கிலோமீட்டருக்கும் மேல் உயரும். கோடையிலும் ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் உயரத்தில் நீர் உறையும் குளிர் இருக்கிறது. அங்கே உறைந்த துளியை மேலெழும் காற்று கீழே விடாமல் தாங்கிப் பிடிக்கிறது. அதன்மேல் நீர் ஒட்டி ஒட்டி உறைகிறது. காற்றால் தாங்க முடியாத எடை வந்ததும் கட்டி விழுகிறது. சிறிய கட்டிகள் வரும் வழியிலேயே உருகிவிடும். பெரியவைதான் தரையைத் தொடும். ஓசூர், நீலகிரி போன்ற உயரமான இடங்களில் உருகுவதற்கு நேரம் குறைவு என்பதால் அங்கே ஆலங்கட்டி கூடுதலாகத் தெரிகிறது.

இதை விளையாட்டாக எண்ண வேண்டாம். 1888 ஏப்ரல் 30 அன்று உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத் அருகே பெய்த ஆலங்கட்டி மழையில் 246 பேர் இறந்தார்கள். ஆலங்கட்டியால் ஏற்பட்ட உயிரிழப்பில் உலக வானிலை அமைப்பு பதிவு செய்துள்ள மிகப் பெரிய எண்ணிக்கை இதுதான். நெல்லிக்காய் அளவுக் கட்டி ஒன்று மணிக்குச் சுமார் 80 கிலோமீட்டர் வேகத்தில் விழும். பழைய ஓட்டையும் வெயிலில் நைந்த ஷீட்டையும் உடைக்க அது போதும்.

பெய்யும்போது

கான்கிரீட் கூரை உள்ள அறை இருந்தால் எல்லோரும் அங்கே சென்றுவிடுங்கள். வீடு முழுவதும் ஷீட்டோ ஓடோ என்றால், பிள்ளைகளையும் முதியவர்களையும் கட்டிலுக்கோ கனமான மேசைக்கோ அடியில் இருக்கச் சொல்லுங்கள். கண்ணாடி ஜன்னலை விட்டுத் தள்ளி இருங்கள். காய்கிற துணியை எடுக்கவோ வண்டியை நகர்த்தவோ வெளியே ஓட வேண்டாம். ஆலங்கட்டியோடு இடி, மின்னலும் இருக்கும் என்பதை மறக்கக் கூடாது.

ஓய்ந்ததும், முதல் ஒரு மணி நேரம்

முதலில் வீட்டுக்குள் தண்ணீர் எங்கே இறங்குகிறது என்று பாருங்கள். ஸ்விட்ச் போர்டு, ஃபேன் பக்கம் ஈரம் இருந்தால் மெயினை அணைத்துவிடுங்கள். தெருவில் கம்பி அறுந்து கிடந்தால் யாரையும் கிட்டே விடாமல், மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்லுங்கள்.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டின் மேல் ஏறாதீர்கள். இதுதான் இந்தக் கட்டுரையின் முக்கியமான வரி. கண்ணுக்குத் தெரியாத விரிசல் விட்ட ஷீட், ஆள் எடை பட்டதும் ஒரே நொடியில் உடைந்துபோகும். அன்றிரவு மழையைச் சமாளிக்க, வீட்டுக்குள்ளிருந்தே ஷீட்டைத் தாங்கும் சட்டங்களில் தார்ப்பாயைக் கட்டிக்கொள்ளுங்கள். மேலே போய்த்தான் ஆகவேண்டும் என்றால் காய்ந்த பிறகு, பழகிய ஆளை வைத்து, சட்டங்களின் குறுக்கே பலகை போட்டு, அந்தப் பலகையில் மட்டும் கால் வைத்துச் செய்யச் சொல்லுங்கள்.

உடைந்த துண்டுகளைக் காய்ந்த நிலையில் பெருக்க வேண்டாம். ஆஸ்பெஸ்டாஸ் தூசு நுரையீரலுக்குக் கேடு. தண்ணீர் தெளித்து நனைத்து, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, சாக்கில் கட்டிவையுங்கள். அறுப்பதோ உடைத்துச் சிறிதாக்குவதோ கூடாது.

மொட்டை மாடி வீட்டுக்காரர்கள் மழைநீர்க் குழாயின் வாயைப் பாருங்கள். இலையும் பனிக்கட்டியும் அதை அடைத்துவிட்டால் மாடி குளமாகிவிடும். சோலார் வாட்டர் ஹீட்டரின் கண்ணாடிக் குழாய் உடைந்திருந்தால் கொதிநீர் கொட்டலாம். ஆறிய பிறகே கிட்டே போக வேண்டும். மின்சாரம் தரும் சோலார் தகடு உடைந்திருந்தால் கை வைக்கவே வேண்டாம். ஸ்விட்சை அணைத்தாலும் வெயில் பட்டால் தகட்டில் மின்சாரம் இருக்கும். இந்தத் தகடுகள் 25 மில்லிமீட்டர் பனிக்கட்டியைத் தாங்குமா என்று சோதிக்கப்பட்டவைதான். ஆனால் மேல் கண்ணாடி முழுசாக இருந்தும் உள்ளே விரிசல் விழுந்திருக்கலாம். அடுத்த சில நாட்களில் உற்பத்தி குறைகிறதா என்று கவனியுங்கள்.

அள்ளிப் போடும் முன் படம் எடுங்கள்

சுத்தம் செய்யும் அவசரத்தில் பலர் ஆதாரத்தையும் சேர்த்தே குப்பையில் போட்டுவிடுகிறார்கள். உடைந்த கூரையை உள்ளிருந்தும் தெருவிலிருந்தும், கதவு எண் தெரியும்படி, போனில் படம் எடுங்கள். கிடக்கும் கட்டியின் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்து எடுத்தால் அளவும் தெரியும். பழுது பார்த்த ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள்.

ஆலங்கட்டி மழை அரசு அறிவித்த பேரிடர்ப் பட்டியலில் உள்ளது. 2022 முதல் 2026 வரையிலான காலத்துக்கு மத்திய அரசு வகுத்த நிவாரண விதிமுறைப்படி, சமவெளிப் பகுதியில் முற்றிலும் சேதமான வீட்டுக்கு 1,20,000 ரூபாய். குறைந்தது 15 சதவீதம் சேதமான கட்டட வீட்டுக்கு 6,500 ரூபாய், மண் வீட்டுக்கு 4,000 ரூபாய். சேதமான குடிசைக்கு 8,000 ரூபாய். நாலைந்து ஓடு உடைந்ததற்கு இது கிடைக்காது. பாதிக் கூரை போனவருக்கு இது வாய்ப்பு. ஆகவே கிராம நிர்வாக அலுவலருக்கு உடனே சொல்லி, தாசில்தாருக்கு எழுத்தில் மனு கொடுங்கள். படங்கள், குடும்ப அட்டை, ஆதார், வீட்டு வரி ரசீது, வங்கிப் பாஸ்புக் நகல்களை இணையுங்கள். பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வைத்த நகலை மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077.

காப்பீடு பற்றிய மார்க்கச் சட்டத்தை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இங்கே சொல்வது ஏற்கெனவே கையில் உள்ள பாலிசியைப் பற்றி மட்டும். வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் ஆலங்கட்டிச் சேதத்துக்கு எதுவும் வராது. சொந்தச் சேதமும் சேர்ந்த பாலிசி என்றால் வரும். வங்கிக் கடனில் கட்டிய வீடு என்றால் வங்கி வழியாகக் காப்பீடு எடுக்கப்பட்டிருக்கிறதா என்று விசாரியுங்கள். நிறுவனத்துக்கு உடனே தெரிவித்து, அவர்களின் ஆள் வந்து பார்க்கும் வரை தற்காலிக மறைப்பு மட்டும் போடுங்கள். பயிர்க் காப்பீடு செய்த விவசாயிகள் 72 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும்.

விட்டுவைக்காதீர்கள்

கோடையில் விழுந்த விரிசல் அன்றோடு காய்ந்துவிடும், மறந்தும் போகும். வடகிழக்குப் பருவமழையில்தான் அது தன்னைக் காட்டும். அப்போது சட்டம் இற்றிருக்கும், சுவர் ஊறியிருக்கும், கொத்தனாரும் கிடைக்க மாட்டார். ஆடிக்குள் முடித்துவிடுங்கள். ஷீட்டை மாற்றுவதாக இருந்தால் ஆஸ்பெஸ்டாஸுக்குப் பதில் வண்ணப் பூச்சுள்ள இரும்புத் தகட்டைப் பாருங்கள். ஆலங்கட்டி பட்டால் அது நசுங்கும். ஆனால் தலையில் நொறுங்கி விழாது. சத்தமும் சூடும் கூடுதல் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் படங்களை வீட்டுக்காரருக்கு அன்றே அனுப்பிவிடுங்கள். வீட்டுக்காரர்களும் அடுத்த மழை வரை காக்க வைக்காதீர்கள். ஆண் துணையில்லாத தாய்மார்கள், தனியாக வாழும் முதியவர்கள் உங்கள் தெருவில் இருந்தால், மழை ஓய்ந்ததும் அவர்கள் கதவைத் தட்டிக் கேளுங்கள். கூரை உடைந்ததை விட, ஒழுகும் வீட்டில் யாரிடமும் சொல்லாமல் இரவைக் கழிப்பதுதான் அவர்களுக்குப் பெரிய கஷ்டம்.

அல்லாஹ் நம் அனைவரையும் நம் வீடுகளையும் பாதுகாப்பானாக. ஆமீன்.

— செயலாளர்