பில் இல்லாத பவளம்

நன்னீர்த் தொட்டியில் கப்பி, மாலி, கோல்டு ஃபிஷ் என்று வளர்த்துக் கை தேறியவர்களுக்கு அடுத்து வருகிற ஆசை மரைன் டேங்க். யூடியூபில் பார்த்த அந்த நீல வெளிச்சம், விரல் விரித்து அசையும் பவளங்கள், இடையில் ஆரஞ்சும் வெள்ளையுமாக நழுவும் கோமாளி மீன் எல்லாம் சேர்ந்து யாரையும் இழுத்துவிடும். பிள்ளைகள் உள்ள வீடென்றால் ‘நீமோ’ வாங்காமல் கடையை விட்டு நகரவே முடியாது. தாராளமாக வைக்கலாம். ஆனால் அந்த வீடியோக்களில் பெரும்பாலானவை அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ எடுத்தவை. அங்கே ரசீது போட்டு விற்கிற பல உயிர்களை இங்கே வீட்டில் வைத்திருப்பதே சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972ல் வந்தது. புலியும் யானையும் இருக்கிற அதன் முதல் பட்டியலில் 2001ஆம் ஆண்டு பவளங்களும் சேர்ந்தன. பாறை கட்டுகிற கல் பவளங்கள் அத்தனையும், கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், ஆர்கன் பைப் பவளம், கடல் விசிறி ஆகியவை அதில் வரும். கடல்குதிரைக்கும் அப்போதே பாதுகாப்பு வந்துவிட்டது. ராட்சதச் சிப்பி, கடல் அட்டை போன்றவையும் பாதுகாக்கப்பட்ட உயிர்களே. முதல் பட்டியலில் உள்ளதைப் பிடித்தாலும் விற்றாலும் வாங்கினாலும் மூன்று ஆண்டுக்குக் குறையாமல் ஏழு ஆண்டு வரை சிறை. அபராதம் 2022 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சம் 25,000 ரூபாய்.

இதில் பலரும் கவனிக்காத பிரிவு ஒன்று உண்டு, 57ஆவது பிரிவு. பொதுவாகக் குற்றத்தை நிரூபிக்க வேண்டியது அரசுத் தரப்பு. இங்கே அப்படியில்லை. பொருள் உங்கள் கையில் இருந்தது என்று நிறுவப்பட்டுவிட்டால், அது சட்டவிரோதமாக வந்ததென்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்ட வேண்டியது நீங்கள். ‘கடைக்காரர் தந்தார் சார்’ என்பது அந்த இடத்தில் எடுபடாது.

கடையில் நடப்பதைப் பாருங்கள். கட்டைவிரல் அளவுக்கு ஒரு சிமென்ட் வில்லை, அதன் மேல் பச்சையாக ஒட்டியிருக்கும் சின்னத் துண்டு. ‘ஃப்ராக்’ என்பார்கள். பெரிய பவளத்திலிருந்து உடைத்து ஒட்டியது. சட்டம் அளவு பார்ப்பதில்லை. நகக்கண் அளவு கல் பவளமும் கல் பவளம்தான். உயிரில்லாத வெள்ளைக் கூடும் விலக்கல்ல. கடற்கரை ஊர்களில் சங்கு, சோழியோடு விற்ற பவளத் துண்டை வாங்கி வந்து தொட்டிக்குள் அழகுக்கு வைத்தாலும் இதே சட்டம் பாயும்.

‘இது இம்போர்ட் சரக்கு’ என்பது அடுத்த சமாதானம். கல் பவளங்கள் சைட்டிஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் இரண்டாம் பின்னிணைப்பில் இருப்பவை. முறையாக இறக்குமதி செய்ய ஏற்றுமதி நாட்டின் சைட்டிஸ் அனுமதியும் இந்தியத் துறைகளின் அனுமதிகளும் வேண்டும். சைட்டிஸ் உயிரினங்களை வைத்திருப்பவர்கள் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய 2024ல் தனி விதிகளே வந்தன. அத்தனையும் இருந்தாலும், ஓர் இனம் நம் முதல் பட்டியலிலும் சைட்டிஸ் பட்டியலிலும் இருந்தால் உள்நாட்டுப் பாதுகாப்புதான் மேலோங்கும். கல் பவள விஷயத்தில் அது நேராகப் பொருந்துகிறது. ஆகவே ‘இம்போர்ட்’ என்று வாயால் சொல்வதை நம்பிக் காசை எடுக்காதீர்கள்.

மூன்றாவது சமாதானம் கொஞ்சம் சாமர்த்தியமானது. ‘இது சாஃப்ட் கோரல், பட்டியலில் இல்லை’ என்பார். மென்பவளத்தில் பல இனங்கள் பட்டியலில் இல்லை என்பது உண்மைதான். ஆனால் அது எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது? பெரும்பாலும் ‘லைவ் ராக்’. அதாவது செத்த கல் பவளத்தின் கூடு. மேலே இருப்பது பட்டியலில் இல்லாவிட்டாலும் கீழே இருப்பது இருக்கிறது.

இவ்வளவு கடுமை ஏன் என்று கேட்பவர்கள் மன்னார் வளைகுடாவைப் பார்க்க வேண்டும். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே 21 தீவுகள். அந்தப் பகுதி 1986ல் கடல்சார் தேசியப் பூங்கா ஆனது. அதற்கு முன்னும் பின்னும் சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் பவளத்தைப் படகு படகாக வெட்டி எடுத்தார்கள். பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் இன்று தண்ணீருக்கு மேல் இல்லை. பெரிய உருண்டைப் பவளங்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். 2010லும் 2016லும் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்தன. 2024லும் அதேதான். மிச்சமிருப்பதை வரவேற்பறைக்கு எடுத்துப் போக அனுமதிக்க முடியாது என்று அரசு நினைப்பதில் என்ன தவறு?

அப்படியானால் மரைன் டேங்க் கனவு அவ்வளவுதானா? என் கருத்தில், புதியவருக்கு மீன் மட்டும் உள்ள கடல்நீர்த் தொட்டியே போதும். பவளத்தின் தொல்லையில் பாதி குறையும், அழகு அவ்வளவாகக் குறையாது. பாறைக்கு, நுண்துளைகள் உள்ள செயற்கைப் பீங்கான் கற்கள் கிடைக்கின்றன. மீனுக்கு, பண்ணையில் பொரித்த கோமாளி மீன். மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன மையங்கள் அலங்காரக் கடல் மீன்களுக்குக் குஞ்சு பொரிப்புத் தொழில்நுட்பம் உருவாக்கியிருக்கின்றன. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் இதில் வேலை செய்திருக்கிறது. தொட்டியிலேயே பிறந்த மீன் மனிதன் போடுகிற தீனிக்குப் பழகியிருக்கும்.

கடலில் பிடித்த மீனில் வேறொரு ஆபத்து. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியக் கடல்களில் சயனைடு கரைசலைப் பீய்ச்சி மீனை மயக்கிப் பிடிக்கும் வழக்கம் பல பத்தாண்டுகளாக உண்டு. அப்படி வந்த மீன் கடையில் நன்றாக நீந்தும், வீட்டுக்கு வந்து சில நாளிலோ வாரத்திலோ காரணம் தெரியாமல் சாகும். வாங்குமுன் கண் முன்னால் தீனி போடச் சொல்லுங்கள். சாப்பிடாத மீனை எடுக்காதீர்கள். பிள்ளைகள் அடம்பிடிக்கிற ‘டோரி’ ஓரடி வரை வளரக்கூடியது. இரண்டடித் தொட்டியில் அதை வைப்பது கொடுமை.

இனித் தண்ணீர். இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டியில் 125 லிட்டர் பிடிக்கும். கண்ணாடி, கல், ஸ்டாண்டு சேர்த்தால் 150 கிலோவைத் தாண்டிவிடும். வாடகை வீடானால் உரிமையாளரிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் தரையில் உப்புத் தண்ணீர் கசிந்து அட்வான்ஸில் பிடித்தம் என்று வாக்குவாதம் வரும். மெரினாவிலிருந்து குடத்தில் கொண்டுவருகிற தண்ணீர் வேண்டாம், அதில் சாக்கடையும் கலந்திருக்கும். சமையல் உப்பும் உதவாது. கடல்நீரில் சோடியம் குளோரைடு மட்டுமல்ல, லிட்டருக்குச் சுமார் 1,300 மில்லிகிராம் மக்னீசியமும் 400க்கு மேல் கால்சியமும் உண்டு. அதற்கென்று விற்கும் சால்ட் மிக்ஸை, டி.டி.எஸ். பூஜ்ஜியத்துக்கு அருகில் உள்ள ஆர்.ஓ. தண்ணீரில் லிட்டருக்கு 35 கிராமுக்குச் சற்று மேலாகக் கரைக்க வேண்டும். ஒப்படர்த்தி 1.025 காட்ட வேண்டும். கண்ணால் பார்த்தோ நாக்கில் வைத்தோ இதைச் சொல்ல முடியாது, ரிஃப்ராக்டோமீட்டர் வேண்டும்.

கரைத்ததும் மீனை விடக் கூடாது. தொட்டி ‘சைக்கிள்’ ஆக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். ஏதாவது ஓர் அம்மோனியா மூலத்தைச் சேர்த்து வைத்தால், ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும். டெஸ்ட் கிட்டில் அம்மோனியா ஏறி, இறங்கி, நைட்ரைட் ஏறி, இறங்கி, இரண்டும் பூஜ்ஜியத்தில் நின்ற பிறகே முதல் மீன். ‘இன்னிக்கே செட்டப், இன்னிக்கே மீன்’ என்று சொல்லும் கடைக்காரர் உங்களுக்கு அடுத்த மாதமும் மீன் விற்கத் திட்டம் போடுகிறார்.

தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆகாது. ஆகவே மட்டம் குறைந்தால் உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். இதைத் தெரியாமல் உப்புத் தண்ணீரையே ஊற்றி ஊற்றிக் கரைசலைக் காய்ச்சிவிடுபவர்கள் நிறைய. வெப்பம் 25, 26 டிகிரியில் இருக்க வேண்டும். சென்னை மே மாதத்தில் சில்லர் இல்லாமல் அது நடக்காது, அதற்கான மின்கட்டணத்தையும் முதலிலேயே கணக்கில் வையுங்கள். கரன்ட் போனால் மீனுக்கு முதலில் தீர்வது ஆக்சிஜன். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று கைவசம் இருக்கட்டும்.

இப்போது மனிதர்களுக்கு வரும் ஆபத்து. தொட்டியை ஒட்டிய எக்ஸ்டென்ஷன் போர்டைச் சில மாதம் கழித்துக் குனிந்து பாருங்கள். பிளக் துளைகளின் ஓரத்தில் வெள்ளையாகப் பொரிந்திருக்கும். தெறித்த நீர் காய்ந்து படிந்த உப்பு. ஈரக்காற்றில் அது மின்சாரத்தைக் கடத்தும். போர்டு தொட்டிக்குக் கீழே இருக்கக் கூடாது, பக்கவாட்டில் உயரமாக இருக்க வேண்டும். ஒவ்வொரு வயரும் பிளக்குக்குக் கீழே ஒரு முறை தாழ்ந்து வளைந்து பிறகு மேலேற வேண்டும். அப்போதுதான் வயர் வழியே வழியும் நீர் வளைவில் சொட்டும், பிளக்குக்குள் போகாது. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாத வீட்டில் இந்தத் தொட்டியே வேண்டாம். கையை விடுமுன் எல்லா ஸ்விட்சையும் அணையுங்கள்.

‘ஜோவா’ என்று செல்லமாகச் சொல்லும் பொத்தான் பவளங்களில் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. அது ஒட்டிய கல்லைச் சுத்தம் செய்கிறேன் என்று வெந்நீரில் கொதிக்க வைத்தால் நஞ்சு ஆவித்துளியோடு பறக்கும். இப்படிக் குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போன சம்பவங்கள் பல நாடுகளில் பதிவாகியுள்ளன. மூச்சுத் திணறல், இருமல், காய்ச்சல், தசை வலி, நாக்கில் உலோகக் கசப்பு வந்தால் உடனே எல்லாரும் வீட்டை விட்டு வெளியேறி, மருத்துவமனையில் தொட்டி விஷயத்தைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சாதாரணக் காய்ச்சலென்று பாராசிட்டமால் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

கையில் கீறலோடு தொட்டியைக் கழுவிய சில வாரம் கழித்து விரலில் ஆறாத முடிச்சு வந்தாலும் இதே கதை. மைக்கோபாக்டீரியம் மரைனம் என்ற கிருமியாக இருக்கலாம். சாதாரண ஆன்டிபயாடிக்குக்குப் பெரும்பாலும் மசியாது, மாதக்கணக்கில் மருந்து வேண்டும். முழங்கை வரை கையுறை போடுங்கள், டியூபை வாயால் உறிஞ்சாதீர்கள்.

நுகர்வோர் உரிமைக்கு வருவோம். மீன், தொட்டி, சில்லர், விளக்கு எதுவானாலும் பில் கேளுங்கள். பில் தர மறுப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் முறையற்ற வணிகம். பில்லில் மீனின் இனம், பண்ணையா கடலா என்பது, செத்து வந்தால் மாற்றித் தரும் நிபந்தனை ஆகியவை எழுத்தில் இருக்கட்டும். ஆன்லைனில் வாங்கினால் பையைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள். தொட்டி நீரின் டெஸ்ட் முடிவுகளையும் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். ‘உங்க தண்ணிதான் சரியில்ல’ என்ற பதிலுக்கு அதுதான் மறுப்பு. கடை கேட்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு ஆண்டுக்குள் மனுப் போட வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள வழக்குக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை. ஆனால் பில் இல்லாமல் வாங்கிய கல் பவளம் செத்துப்போனதென்று அங்கே போனால் முதல் கேள்வி உங்களைத்தான் கேட்பார்கள்.

தெரியாமல் அப்படி ஏதாவது வாங்கியிருந்தால்? சட்டத்தின் 39ஆவது பிரிவுப்படி அது அரசின் சொத்து. கைக்கு வந்த 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறை அதிகாரியிடமோ தெரிவிக்க வேண்டும். காலம் கடந்திருந்தால் ஒரு வழக்கறிஞரைக் கலந்துகொண்டு வனத்துறையிடம் போவதே வழி. விற்கிறவரைப் பற்றிப் புகார் சொல்ல வனவிலங்குக் குற்றத் தடுப்புப் பணியகத்தின் தெற்கு மண்டல அலுவலகம் சென்னையிலேயே இருக்கிறது.

பயந்து இரவோடிரவாகக் கடலில் கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். மீனையும்தான். அட்லாண்டிக்கில் இல்லாத லயன் ஃபிஷ் 1980களில் ஃப்ளோரிடா பக்கம் தென்பட ஆரம்பித்தது. தொட்டியில் வளர்த்தவர்கள் விட்டதுதான் காரணம் என்று கருதப்படுகிறது. இன்று அது கரீபியன் முழுவதும் உள்ளூர்க் குஞ்சு மீன்களைத் தின்று பெருகியிருக்கிறது. தொட்டியை மூட நினைத்தால் மீனை வேறொரு மரைன் டேங்க்காரருக்கோ, வாங்கிய கடைக்கோ கொடுங்கள். தண்ணீரைக் குளியலறையில் கொட்டலாம், மாடித் தோட்டத்துக்கு ஊற்ற வேண்டாம்.